ஏழாவது துணி

நாத்தனாரின் கார் வந்து பட்டறைக்குள் நுழைந்தபோது பட்டறைக்காரிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கணவனின் அக்கா அவர், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். முதுகுக்குப் பின்னால் குடும்பமே மேட்ரன் என்றுதான் அவரைச் சொல்லும். தம்பிக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகியும், அதே ஊரில் இப்படி ஒரு பட்டறை இருப்பதே தெரியாதவர் போல, கம்பெனி ஷோரூமுக்கே போய்க்கொண்டிருந்தார். தம்பி பெண்டாட்டி யார் வண்டியை வேண்டுமானாலும் பிரித்து மேயட்டும், தன் வண்டியை மட்டும் தொடக் கூடாது. இதை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாததுதான் அவளுக்கு எட்டு வருடமாகத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

"காலைல ஸ்டார்ட் பண்ணா நடுங்குது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது. ஷோரூம்ல இன்ஜின் ஹெட்டையே மாத்தணுங்கறாங்க," என்றார் நாத்தனார். "நீ ஒரு தடவை பாரு."

பார்த்தாள். குழாய்க் கேமராவை உள்ளே விட்டதும் சங்கதி தெரிந்துவிட்டது. அந்த மாதிரி இன்ஜினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாயும். காற்று நுழையும் வால்வுகள் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. கழுவ ஆளில்லாத பாத்திரம் மாதிரி அந்த வால்வுகளில் கரி அடிப்பிடித்துக் கிடந்தது.

"ஹெட்டுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. வெறும் கரி. சுத்தம் பண்ணாப் போதும். விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் கொண்டு வந்து தரேன்."

"விட்டுட்டெல்லாம் போக மாட்டேன். இன்னைக்கு எனக்கு லீவு. இங்கயே உக்காந்துக்கறேன்."

சாவியைக் கைப்பையில் போட்டு, பையை மடியில் வைத்து, முக்காலியில் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு அவள் கையை விட்டு அவர் கண் நகரவில்லை. மாமியார்கூட இப்படிப் பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்று அவளும் ரோஷத்தோடு இறங்கினாள். இன்றைக்கு இந்த வண்டி நடுங்காமல் நின்றால் போதும், வேறு ஒரு நற்சான்றிதழும் அவளுக்கு வேண்டாம்.

இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்றினாள். நாலு சிலிண்டருக்கும் இரண்டிரண்டாக எட்டு ஓட்டை. ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதில் தூசி விழக் கூடாது என்று, சாம்பல் நிறப் பழைய பனியனைக் கிழித்து ஆறு ஓட்டைகளை அடைத்தாள். கை துடைக்க இன்னொரு துண்டு. பிறகு இன்ஜினைக் கையாலேயே திருகி, சுத்தம் செய்யப்போகும் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். திறந்திருந்தால் உதிர்வதெல்லாம் உள்ளே போய்விடும்.

"நோயாளிக்கு மயக்கம் குடுத்தாச்சா?" என்று கேட்டார் நாத்தனார்.

"பாட்டரியக் கழட்டியாச்சு. நம்ம சொல்ற வரைக்கும் முழிக்க மாட்டான்."

நாத்தனாரின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பென்றே அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

வால்நட் கொட்டையின் மேலோட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சினாள். பக்கத்துக் குழாய் தூளையும் கரியையும் உறிஞ்சி எடுத்தது. "இந்தத் தூள் கரிய மட்டும்தான் உதிர்க்கும், இரும்பக் கீறாது," என்று கேட்காமலே விளக்கம் வேறு. மூன்றாவதை முடித்துத் துணிகளை இடம் மாற்றும் நேரம் பார்த்துக் கணவன் போன் செய்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள்.

"சண்டை ஒண்ணும் இல்லையே?" என்று கிசுகிசுத்தான்.

"எல்லாம் நல்லாத்தான் போகுது. வைங்க."

"யாரு?" என்றார் நாத்தனார்.

"உங்க தம்பிதான். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு."

"அவனாவது, கேக்கறதாவது."

மதியம் தாண்டி எட்டு வால்வும் பளபளத்தன. மேனிஃபோல்டை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கி, பாட்டரியையும் இணைத்தாள். மனசு துள்ளியது. "சாவி போடுங்க அண்ணி."

நாத்தனார் எழுந்திருக்கவில்லை.

"ஏழு துணி எடுத்த," என்றார். "தட்டுல ஆறுதான் இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கீழ எங்கயாவது விழுந்திருக்கும். இத்தனை வருஷமா இந்த வேலைதான் பண்றேன், யாரும் என் துணிய எண்ணினதில்ல."

"நான் எண்ணுவேன். அதுதான் என் வேலை."

வண்டிக்கு அடியில் தேடினாள். தூள் உறிஞ்சிய டப்பாவைக் கொட்டிப் பார்த்தாள், பாக்கெட்டுகளைத் துழாவினாள். காணோம். சாவி அந்த மடியில்தான் இருந்தது. 'போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று இன்னொரு தரம் சொன்னால் ஒருவேளை போட்டுவிடுவார். திரும்பப் பிரித்தாலோ, அவளை நம்பாத அந்த எட்டு வருட மௌனம் சரிதான் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆனாலும் பாட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்பானரை எடுத்தாள். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றினாள்.

மூன்றாவது சிலிண்டரின் ஓட்டையில், விளக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும் ஆழத்தில், உலோகத்தின் அதே சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது அது. போன் பேசிக்கொண்டே திணித்த துணி. சாவி திரும்பியிருந்தால் இன்ஜின் அதை உள்ளே இழுத்து வால்வில் சுற்றியிருக்கும். ஷோரூம்காரன் சொன்ன ஹெட் வேலையை அவளே உண்டாக்கியிருப்பாள்.

இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டாள். "ஏழு," என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"ஆபரேஷன்ல துணி எண்ணிக்கை குறையுதுன்னு சொன்னா எங்க டாக்டருங்களுக்கும் இப்படித்தான் கோவம் வரும்," என்றார் நாத்தனார். "ஒருத்தர் வயித்தத் திறந்து பாக்க மாட்டேன்னு மூடிட்டாரு. அதுக்கப்புறம் என் வீட்டு ஆளுங்க யாரையும் அவர்கிட்ட அனுப்பினதில்ல." எழுந்து வந்து தட்டிலிருந்த துணிகளை விரலால் ஒருமுறை தள்ளித் தள்ளி எண்ணினார். "நீ திறந்துட்ட. சரி, மூடு."

மறுபடி எல்லாம் மாட்டி முடித்ததும் நாத்தனாரே சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு உறுமலோடு பிடித்து, மெல்லச் சீராகி நின்றது. பானெட் மேல் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. சிரிப்பை அடக்கக்கூட அவள் முயற்சி செய்யவில்லை.

"ஆனா நடுக்கம் வர்றது காலைலதானே?" என்றார் நாத்தனார்.

"ஆமா அண்ணி. ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்லதான் நிச்சயமாத் தெரியும். நாளைக்கு எழுந்ததும் நீங்களே போட்டுப் பாருங்க."

நாத்தனார் இன்ஜினை அணைத்தார். கைப்பையைத் திறந்து உள் அறையிலிருந்து இன்னொரு சாவியையும் எடுத்தார்.

"வண்டி இங்கயே இருக்கட்டும். காலைல நீ போட்டுப் பாத்துட்டுக் கொண்டு வா. நான் பஸ்ல போறேன்." இரண்டு சாவியையும் அவள் உள்ளங்கையில் வைத்தார். "ஒண்ணு வண்டியோட வரட்டும். இன்னொண்ணு உன்கிட்டயே இருக்கட்டும்."

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு கணவனுக்குப் போன் செய்தாள்.

"உங்க அக்கா பஸ்ல வராங்க. ஸ்டாப்புக்குப் போய் அழைச்சிட்டுப் போய் வீட்ல விட்டுடுங்க."

"பஸ்லயா? வண்டி என்னாச்சு?"

"இங்க நிக்குது. சாவிய என்கிட்ட குடுத்துட்டாங்க."

அவன் குரல் உயர்ந்தது.

"அவங்களேவா?"

"அவங்களேதான். எண்ணிக் குடுத்தாங்க. ரெண்டு."