ஆழத்துக்குக் கூலி

கருக்களாச்சேரியில் மீன்பிடித்துவிட்டுக் கரையேறுகிறவர்கள் முதலில் தேடுவது பூவாயியின் கஞ்சிக்கடையைத்தான். கடைக்குப் பின்னால் மணலில் இடுப்பளவுப் பள்ளம். அதில் ஓர் ஊற்று. கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தை நிறைப்பாள். அந்தத் தண்ணீரின் ருசிதான் அவள் போட்ட முதல். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகும் யாரிடமும் கையேந்தாமல் அவள் பிழைத்தது அதனால்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு ஆண்டு, ஊருக்குக் குடிநீர்க் கிணறு வெட்ட சர்க்கார் பணம் ஒதுக்கியது. காண்டிராக்ட் எடுத்தவர் தலத்தெரு தெட்சிணாமூர்த்தி. நல்ல தண்ணீர் தேடி அலைவானேன் என்று நேராக ஊற்றங்கரையிலேயே வந்து நின்றார். ஊரே குடிக்கட்டும் என்று பூவாயியும் இடத்தை விட்டுக்கொடுத்தாள். பைத்தியக்காரி.

இந்தக் கரையில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் கிடக்கும். கீழே போனால் உப்பு. கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். தெட்சிணாமூர்த்திக்கும் தெரியும். ஆனால் சர்க்கார் கூலி பேசியிருந்தது தண்ணீருக்கு அல்ல, தோண்டிய ஆழத்துக்கு. அதனால் தண்ணீர் கண்ட பிறகும் மண்வெட்டி நிற்கவில்லை.

"போதுங்க, நல்ல தண்ணி வந்துடுச்சு. இன்னும் தோண்டுனா உப்பு ஏறிடுங்க" என்று பூவாயி கெஞ்சினாள்.

"நிறுத்துனா எனக்கு என்ன கெடைக்கும்? சர்க்கார் காசு போனா உனக்கு எங்க வலிக்குது? போயி கஞ்சியக் கிண்டு" என்றார் அவர்.

ஓவர்சியர் சிவசுப்பிரமணியன் வந்தார். கயிறு விட்டு ஆழம் பார்த்தார். உள்சுவரைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தாகத்துக்குத் தெட்சிணாமூர்த்தி வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. திறப்பு விழாவிலும் பெரிய மனிதர்கள் கலர் சோடாதான் குடித்தார்கள்.

கிணறு உப்பாகக் கரித்தது. பக்கத்து ஊற்றுகளும் கெட்டன. பூவாயியின் கஞ்சியை வாயில் வைத்தவர்கள் துப்பிவிட்டுப் போனார்கள். கடை படுத்துவிட்டது. ஊர் கூச்சல் போட்டதும் சர்க்கார் இரங்கி, வண்டியில் தண்ணீர் கொண்டுவர இன்னொரு காண்டிராக்ட் விட்டது. அதையும் எடுத்தவர் தெட்சிணாமூர்த்திதான். வெட்கம் அந்த ஆள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அவருடைய வண்டிக்கே பூவாயி தண்ணீர் சுமக்கப் போனாள். வயிறு கேட்கவில்லையே.

ஒருநாள் வண்டியைச் சோதிக்க ஓவர்சியர் வந்தார். தெட்சிணாமூர்த்தியும் கூட நின்றார்.

"உங்க ஊருக்காக சர்க்கார் எவ்வளவு செலவு பண்ணுது பாத்தியா? நன்றி வேணும்மா" என்றார் ஓவர்சியர்.

பூவாயி குடத்தை இறக்கி வைத்தாள். "அது எங்க காசுங்க. தீப்பெட்டிக்கும் துணிக்கும் நாங்க கட்டுற வரிதானே அது. கிணத்துக்கும் குடுத்தோம், கிணறு கெட்டதுக்கும் குடுக்குறோம்."

"வாய மூடு. நாளையிலேருந்து உனக்கு வேலை கெடையாது" என்றார் தெட்சிணாமூர்த்தி.

பூவாயி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓவர்சியரிடம் சொன்னாள்:

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தா என் பொழப்பு போயிருக்காதுங்க. இனிமேலாவது எவ்வளவு தோண்டுனான்னு பாத்துக் காசு குடுக்காதீங்க. சனத்துக்கு என்ன கெடச்சுதுன்னு பாத்துக் குடுங்க."