விலகு, தேனம்மை

தேனம்மை போன நாலாம் நாள் மகள் சாலா அப்பாவிடம் கேட்டாள்: "அப்பச்சி, கருமாதிக்குள்ள ஆத்தா படம் ஒண்ணு பெருசு பண்ணி மாட்டணும். நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

வீட்டில் கேமராக்காரர் இருக்கும்போது இதெல்லாம் ஒரு கேள்வியா? அழகுசுந்தரம் செட்டியாரும் அப்படித்தான் நினைத்தார். பினாங்கிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த ஜெர்மன் கேமரா. 1961 முதல் இந்த 1972 வரை எழுபத்துமூன்று ரோல். நெகடிவெல்லாம் தேதிவாரியாக பிஸ்கட் டின்களில். காரைக்குடியில் அவர் கண்ணுக்குத் தப்பிய தேக்குத் தூண் கிடையாது, நிலைக்கதவு கிடையாது. ஒரு கதவுக்கு மதராஸ் படப் போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்தது. "ஆறுதல் யாருக்கு, கதவுக்கா?" என்று தேனம்மைதான் கேட்டாள்.

முதல் டின்னைத் திறந்து நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தார். தூண். தூண். கதவு. மறுபடி அதே தூண், சாயங்கால வெயிலில். மூன்றாவது டின்னுக்கு வந்தபோது, தேனம்மை எதிலாவது இருக்கிறாளா என்று முதல் டின்னிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தார்.

அந்தக் கேமராவின் கண்ணாடிக்குள் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைத்தால் படம் துல்லியமாக விழும். ஆனால் வீட்டு உள்கட்டில், வளவுக்குள் இருட்டு. கறுத்த தேக்கில் எந்தக் கோட்டைப் பிடித்து ஒன்றாக்குவது? தேனம்மையின் கண்டாங்கிச் சேலையில் பளிச்சென்று கட்டம் இருந்தது. அவளைத் தூணோடு ஒட்டி நிற்கச் சொல்வார். வளையத்தைத் திருப்புவார். இரண்டு தேனம்மைகள் ஒருத்தி ஆனதும் சொல்வார்: "விலகு."

அவள் விலகுவாள். அவர் தூணை எடுப்பார்.

"நான் என்ன ஜவுளிக்கடைப் பொம்மையா? என்னையுந்தான் ஒண்ணு எடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரோல் முடியட்டும். கடைசிப் படம் உனக்கு."

"உங்க ரோல் முடியிறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன் போங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ரோலின் கடைசிப் படத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. நல்ல ஜன்னல்தான். போன வாரம் காய்ச்சல் என்று படுத்தவள் மூன்றே நாளில் முடிந்துபோனாள்.

கல்யாணப் படம் ஒன்று உண்டு. அதில் குனிந்த தலையும் வகிடும் மாலையும்தான். முகத்தைக் கேட்டால் அது எங்கே போகும்?

டின்களை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு செக்காலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மாயக்கண்ணனிடம் போனார். அவன் சுருள் சுருளாக விளக்குப் பெட்டிமேல் விரித்துப் பார்த்தான்.

"என்னண்ணே, ஊர்ல ஆளுகளே இல்லையா? எல்லாரும் வீட்டக் காலி பண்ணிப் போனாப்புல இருக்கு."

செட்டியார் அடுத்த டின்னைத் திறந்து நீட்டினார்.

"ரோல் மாட்டினதும் பிலிம் நகர்றதுக்குச் சும்மா ரெண்டு தடவ தட்டுவீகள்ல? அந்த நுனித் துண்டெல்லாம் எங்க?"

"அது வெளிச்சம் பட்டு வீணாப்போன துண்டுய்யா."

"வெட்டிப் போட்டீகளா?"

"போடல. டின்னுக்கு அடியில கெடக்கு. நான் எதையும் வீணாக்குறதில்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

எழுபத்துமூன்று துண்டுகளையும் மாயக்கண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நாற்பத்தோராவதில் கை நின்றது. பாதி கரிக்கட்டையாக இருந்த துண்டின் மறுபாதியில் யாரோ நின்றிருந்தார்கள். அன்றைக்கு அவளை நிறுத்தி, கட்டத்தை ஒன்றாக்கிவிட்டு, அப்புறம்தான் ரோல் தீர்ந்துபோனது தெரிந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே அவளை நிற்கவைத்துப் புது ரோல் மாட்டி, இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். பிறகு வழக்கம்போல விலகச் சொல்லியிருப்பார்.

இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் முதலில் கட்டம் வந்தது. பிறகு இடுப்பில் ஊன்றிய கை. பிறகு முகம். நெகடிவில் கரியாக இருந்த இடது பாதி, படத்தில் முழுக்க வெள்ளையாக வெந்திருந்தது. வலது பாதியில் தேனம்மை, இமைமுடி எண்ணலாம் போல. புருவத்தை நெரித்து, வாயைத் திறந்து, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"துல்லியம்னா இதுதாண்ணே. உங்க தூணு ஒண்ணுகூட இம்புட்டு சுத்தமில்ல" என்றான் மாயக்கண்ணன். "வெந்த பக்கத்த வெட்டிருவோம். வாயத்தான், பென்சிலு வச்சு லேசா மூடிவிட்டுர்றேன். கருமாதிப் படத்துல வாயத் தொறந்திருந்தா நல்லாயிருக்காதுல்ல?"

"இருபத்தொம்பது வருசமா நான் மூடச் சொல்லிப் பாத்தேன், முடியல. நீ பென்சில வச்சு மூடப்போறியாக்கும்?"

சிரிக்கத்தான் சொன்னார். மாயக்கண்ணனும் சிரித்துவிட்டான். அப்புறம் செட்டியார் முகத்தைப் பார்த்தவன், குழாயைத் திறந்துவிட்டு, கழுவின படத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

வெந்த பாதியையும் வெட்டவிடாமல் படம் வீட்டுக்கு வந்தது. அவள் வழக்கமாக நிற்கும் தூணிலேயே ஆணியடித்து மாட்டினார். பங்காளிகள் முகம் சுளித்தார்கள். "என்னய்யா இது, போனவுக நம்மளத் திட்டுற மாதிரியில்ல இருக்கு" என்றார் ஒருவர்.

சாலா மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல ஆத்தா என்ன சொல்றாக அப்பச்சி?"

"விலகட்டுமான்னு கேக்குறா."

பொய். என்ன சொன்னாளென்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.