கொசுக்கடி ஆபரேஷன்

மீரா உசேனுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது என்பதை ஊர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வியாதி இருந்ததையே அது ஒத்துக்கொண்டதில்லை.

வியாதி அப்படிப்பட்டது. நிமிர்ந்து நின்றால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை இரண்டு கால்களும் மரத்து, நனைந்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டதுபோலக் கனக்கும். கொஞ்சம் குனிந்தால் ஒன்றுமே இருக்காது. வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போவதென்றால் மெடிக்கல் ஷாப் படியில் ஒருமுறை, வாய்க்கால் மதகுக் கட்டையில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துதான் போவார். அதே மனிதர் சைக்கிளில் ஏறிக் கைப்பிடியில் சாய்ந்துவிட்டால் திருத்துறைப்பூண்டி வரைக்கும் போய் வந்துவிடுவார். தன் ஹார்டுவேர் கடை மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நாள் முழுக்க ஆணியும் பெயிண்டும் விற்பார். நடக்க முடியாத ஆள் சைக்கிள் மட்டும் எப்படி மிதிக்கிறார் என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விதான். டாக்டரிடம் கேட்டிருந்தால் பதிலும் கிடைத்திருக்கும். ஊர் அதை டீக்கடையில் கேட்டது.

வீட்டில் நூர்ஜஹானும் ஊரோடுதான் சேர்ந்திருந்தாள். "காய்கறிப் பையத் தூக்கச் சொன்னா மட்டும் கால் மரத்துப் போவும். கல்யாண வீட்டுல சஹன் சோத்துக்குக் குனிஞ்சு உக்காந்தா எல்லாம் சரியாயிடும். நல்ல வியாதிதான்" என்பாள்.

பள்ளிவாசலில் கடைசி வரிசை ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. ஒன்று மீரா உசேனுடையது. இன்னொன்று நெல் வியாபாரி ஜெக்கரியாவினுடையது. அதை நாற்காலி என்பதைவிடச் சிம்மாசனம் என்பதே பொருத்தம். ஜெக்கரியா பல வருஷங்களுக்கு முன் சென்னையில் முதுகைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். தழும்பு ஒரு சாண் நீளம், இருபக்கமும் தையல் கோடுகளோடு ரயில் தண்டவாளம்போல இருக்கும். யாராவது அண்ணன் முறைவைத்து "என்ன காக்கா, சுகமா?" என்று கேட்டுவிட்டால் போதும், சட்டையைத் தூக்கிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தைலம்கூடத் தடவமாட்டார்கள். இத்தனை மரியாதையையும் வைத்துக்கொண்டு அவர் ஏன் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார் என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன பக்ரீத்தில்தான் மீரா உசேனின் மனம் உடைந்தது. பெருநாள் தொழுகை ஈத்கா திடலில். முதல்நாள் மழை பெய்திருந்தது. நம் பக்கத்துக் களிமண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொழுகை பாதியில் நாற்காலியின் பின்கால் இரண்டும் மண்ணில் இறங்க, மீரா உசேன் வானத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சாய்ந்து, புதுச் சட்டையோடு சேற்றில் உட்கார்ந்தார். தொழுகையில் இருந்ததால் யாரும் திரும்பவில்லை. சலாம் கொடுத்து முடித்த உடனே எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். அடுத்த பக்ரீத்துக்கு இந்தத் திடலில் சொந்தக் காலில் நிற்க வேண்டும், நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் நினைத்துக்கொண்டார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் வாத்தியார் வேலை பார்க்கும் மகள் ஜஸீலாதான் அவரை அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"முதுகெலும்புக்குள்ள நரம்பு போற வழி குறுகிப் போச்சுங்கய்யா. வாய்க்கால் தூர்ந்து போற மாதிரி. நிமிர்ந்தா இன்னும் நெருக்கும், குனிஞ்சா கொஞ்சம் வழி விடும். அதான் உங்களுக்கு சைக்கிள் ஓட்ட முடியுது. சின்னதா ஒரு துளை போட்டு, குழாய் வழியா உள்ள போயி தூர் எடுத்துடலாம்."

"எங்க ஊர்ல தூர் எடுக்குறதுன்னா போர்டு வச்சு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க டாக்டர்" என்றார் மீரா உசேன்.

"நாங்க தூரும் எடுப்போம், போட்டோவும் எடுப்போம்" என்று டாக்டர் சிரித்தார். இரண்டாவது எவ்வளவு உண்மை என்று அப்போது தெரியவில்லை.

ஆபரேஷன் நடந்த அன்று சாயங்காலமே பிடித்து நிற்க வைத்து நடக்க வைத்தார்கள். கால் மரக்கவில்லை. வராந்தாவின் மறுகோடி வரை போய்த் திரும்பினார். எங்கேயும் உட்காரத் தோன்றவில்லை. மீரா உசேன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தபால்தலை அளவில் ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும்போது டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்: "பாரம் தூக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் குனியக் கூடாது. ஆனா தினமும் நடக்கணும். நடக்குறதுதான் மருந்து." மீரா உசேன் தலையாட்டினார்.

அப்போதுதான் சுவேதா என்ற பெண் போனோடு வந்தாள். நோயாளிகளின் அனுபவத்தைப் பதிவு செய்வது அவள் வேலை. அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு தனி அறையே இருந்தது. பிரசவ வார்டைவிடப் பெரியது. "உங்களுக்குப் புதுவாழ்வு கிடைச்ச மாதிரி இருக்கா சார்?" என்று கேட்டாள். மனிதர் உண்மையிலேயே சந்தோஷத்தில் இருந்தார். சந்தோஷத்தில் இருக்கும் ஆண்பிள்ளையிடம் கேமராவைக் காட்டவே கூடாது.

"நேத்துதான் ஆபரேஷன். வலியே இல்லை, ரத்தமே இல்லை. இன்னிக்குக் காலைல வெளிக்குக்கூட ஒரு சிரமமும் இல்லாம நல்லாப் போச்சு, அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். நர்ஸ் காலையில் அதைத்தான் மூன்று தடவை அக்கறையாக விசாரித்திருந்தாள். அதனால் அது முக்கியமான சங்கதி என்று அவர் நினைத்துவிட்டார்.

வீடியோ அவருக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. முதுகைக் கிழித்துக்கொண்டவன் மறுநாள் நின்று சிரிப்பானா? முதுகைக் கிழித்துக்கொண்டவன் வெளிக்குப் போனதைப் பற்றி ஏன் இவ்வளவு பெருமைப்படுகிறான்? பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள்: "மூலமா இருக்கும். வெளிய சொல்லக் கூச்சப்பட்டு முதுகுன்னு சொல்லிக்கிறாங்க, பாவம்." அதில் அந்த 'பாவம்' என்பதுதான் கொடுமை. மீன்காரர் நீலமேகம் அன்றைக்கே வண்டியை நிறுத்தி, "பாய்க்கு இனிமே காரம் ஆவாது, சங்கராவா குடுக்கறேன், மொளகா போடாம வச்சுக் குடுங்கம்மா" என்று நூர்ஜஹானிடம் பரிவோடு சொன்னார்.

நூர்ஜஹானுக்கு மானம் போய்விட்டது. வியாதியை நம்பாதவள்தான்; ஆனால் புருஷனுக்கு வியாதி என்று ஒன்று இருந்தால் அது கௌரவமான இடத்தில் இருக்க வேண்டும் அல்லவா? கூடத்தில் கட்டிலைப் போட்டாள். இடுப்புப் பெல்ட்டைச் சட்டைக்கு மேலே, வாசலிலிருந்து தெரிகிற மாதிரி கட்டினாள்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு நூரு."

"டாக்டரா நம்ம தெருவுல இருக்காரு? பாக்க வர்றவங்க முன்னாடி நீங்க லாந்திக்கிட்டு இருந்தா என்ன நெனைப்பாங்க? படுங்க."

படுத்தார். அவருக்கும் அது ரொம்பப் பிடிக்காமல் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை காலம் நம்பாத ஊர் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வரிசையில் வந்து கட்டில் ஓரம் நின்றது. நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. வந்தவுடன், இதே ஆபரேஷன் செய்து கை கால் விளங்காமல் போன ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு அவர் மௌத்தாகிப் போனதைச் சொல்ல வேண்டும். அப்புறம் டீ குடித்துவிட்டு, "நீங்க ஒண்ணும் மனசுல போட்டுக்காதீங்க" என்று எழுந்து போக வேண்டும். ஒருவரும் முறை தவறவில்லை. தெருவுக்குப் போனபின், "நல்லாத்தான் நடிக்கிறாரு" என்று சொன்னார்கள்.

ஜெக்கரியா வந்த அன்று கூடம் நிறைந்திருந்தது. "எங்க, காட்டு மச்சான்" என்றார். மீரா உசேன் புரண்டு படுத்துச் சட்டையைத் தூக்கினார். ஜெக்கரியா மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இதுவா? கொசு கடிச்சிருக்கு" என்றார். கூடம் சிரித்தது. அவர் தன் சட்டையைத் தூக்கினார். கூடம் சிரிப்பை நிறுத்தியது. நூர்ஜஹான் அவருக்கு மட்டும் இரண்டு சமோசா கூடுதலாக வைத்தாள்.

நாட்கள் போயின. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மீரா உசேன் கட்டிலைவிட்டு இறங்கி, வாசல்வரை நடந்து பார்க்கலாம் என்று எழுந்தார். பாதி கூடத்தில் கால்கள் வெடவெடவென்று நடுங்கின. வலி இல்லை, மரப்பும் இல்லை. வெறுமனே பலமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு லுங்கியை விலக்கிப் பார்த்தார். தொடை இரண்டும் வற்றிப்போய் யாரோ ஒருவருடையவைபோல இருந்தன. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த கால்கள் இவை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஊருக்கு நோயாளியாகக் காட்டிக்கொள்ளப்போய் நிஜமாகவே நோயாளி ஆகிவிட்டோமே என்று நினைத்தார்.

மறுபரிசோதனையில் டாக்டர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நடந்தீங்களா, இல்லையா?"

மீரா உசேன் மனைவியைப் பார்த்தார். "வர்றவங்க போறவங்க இருக்காங்க டாக்டர். படுக்காம எப்படி?" என்றாள் நூர்ஜஹான்.

டாக்டருக்குக் கோபம் வருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "நரம்புக்கு வழி விட்டாச்சும்மா. என் வேலை முடிஞ்சுது. இப்படியே படுக்க வச்சுப் பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தீங்கன்னா, ஆயுசுக்கும் நாற்காலிதான். அதுக்கு ஆபரேஷனே தேவையில்ல, நாற்காலி கடையிலயே கெடைக்கும்." பிறகு, "இனிமே மெல்ல மெல்லக் குனியலாம். ஆனா மொதல்ல நடங்க" என்றார்.

கார் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் நூர்ஜஹான் வாய் திறந்தாள். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. "இப்ப நடந்தா ஊரு என்ன சொல்லும்?"

"மூலம்னு சொல்லும். சொல்லட்டும்" என்றார் மீரா உசேன். "எனக்குக் காலு வேணும் நூரு."

ஊர் எல்லையில் அவர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கியபோது அவளும் இறங்கினாள். கமருன்னிஸா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்து, தெருவின் நட்டநடுவே நடத்திக் கூட்டிப் போனாள். அன்று சாயங்காலமே கட்டில் கூடத்தைவிட்டுப் போயிற்று. அடுத்த வாரம் மெடிக்கல் ஷாப் படியில் உட்காரவில்லை. அதற்கடுத்து மதகுக் கட்டையிலும் உட்காரவில்லை. அவர் எழுந்து நடமாடுவதைப் பார்த்து ஊர் நிம்மதியடைந்தது. மூலம்தான் என்பது ருசுவாகிவிட்டது.

பக்ரீத் அன்றும், சொல்லிவைத்ததுபோல, முதல்நாள் மழை. ஈத்கா திடலில் ஈரமண்ணின்மேல் தார்ப்பாயும் பாயும் விரித்திருந்தார்கள். மீரா உசேன் வரிசையில் நின்றார். நிமிர்ந்து, இரண்டு பக்கத்துத் தோள்களும் உரச நின்றார். கால் கனக்கவில்லை. சஜ்தாவில் நெற்றி பாயில் பட்டபோது அடியிலிருந்து மண்வாசனை வந்தது. அவர் அழுதார். பக்கத்தில் நின்றவர் அதை வலி என்று நினைத்துக்கொண்டார்.

தொழுகை முடிந்து முஸாஃபஹா செய்ய வந்த உபைதுல்லா, பலசரக்குக் கடைக்காரர், கையைப் பிடித்தபடியே திடல் முழுக்கக் கேட்கும் குரலில் அக்கறையாகக் கேட்டார்: "என்ன காக்கா, இப்ப உக்காந்தா ஒண்ணும் பண்ணலியே?"

நாலு பேர் திரும்பினார்கள். மீரா உசேன் ஒருகணம் பின்வரிசையைப் பார்த்தார். அங்கே ஜெக்கரியா தன் சிம்மாசனத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். "அதான் முதுகுத் தழும்ப ஜெக்கரியா காக்கா கண்ணால பாத்தாரே, கேளுங்க" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஜெக்கரியா தொப்பியைச் சரி செய்துகொண்டார். "பாத்தேன்தான்… அன்னிக்கு நான் கண்ணாடி போடாமப் போயிட்டேன்பா" என்றார்.

திடல் திருப்தியாகக் கலைந்தது. மீரா உசேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரில் போய் இரண்டில் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று விறுவிறுவென்று நடந்தார். விறுவிறுவென்று நடக்கிறோம் என்பது பாதி வழியில் தெரிந்தது. உடனே கோபம் பாதியாகிவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால், நாற்காலிக் கால்கள் தார்ப்பாயோடு சேர்ந்து களிமண்ணில் இறங்கியிருந்தன. ஜெக்கரியா எழ முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் விழித்துக்கொண்டிருந்தார்.

மீரா உசேன் கையை நீட்டினார். ஜெக்கரியா பிடித்து எழுந்தார். நின்ற உடனே இடுப்பு தானாக முன்னால் வளைந்தது. இந்த வளைவு மீரா உசேனுக்கு நன்றாகத் தெரியும். அதோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியவர். கையை விடாமலே ஜெக்கரியா அவர் காதருகே வந்தார்.

"மச்சான், அந்தக் கொசுக்கடி டாக்டர் நம்பரக் குடு."

"குடுக்கறேன்."

"யார்கிட்டயும் மூச்சு விடாத." ஜெக்கரியா மறுபடி சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "ஊர்ல கேட்டா, எனக்கும் மூலம்னு சொல்லிடு."