குறையில்லாத பெட்டி

1

இல்லையில்லை, அந்தப் பெட்டி உடைந்திருக்கவில்லை. அதுதானே விஷயமே! சக்கரம் உருண்டது, ஜிப் ஓடியது, விலை அட்டைகூட அப்படியே தொங்கியது. சின்னப் பிள்ளைகள் இழுத்துப்போகிற அளவில் ஒரு மஞ்சள் பெட்டி. கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியில என்னம்மா குறை?" என்றார் கடைக்காரர்.

"பெட்டியில ஒரு குறையும் இல்லைங்க. வாங்கினவகிட்டதான் குறை."

நான் காதால் கேட்டது இவ்வளவுதான். மீதி அத்தனையும் என் கைச்சரக்கு. வீடு போகிறவரை பொறுக்கவில்லை. பேருந்திலேயே போனில் தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை சோவென்று பெய்துகொண்டிருந்த ஓர் அந்தியில்—' வேண்டாம். மழையை வைத்து எத்தனை பேர்தான் பிழைப்பது?

இரண்டாவது: 'அவள் ஒரு பாவப்பட்ட—' இதுவும் வேண்டாம். என் கதையில் வருகிற எட்டு வயதுக்காரி யாரிடமும் பரிதாபம் கேட்கவில்லை.

மூன்றாவது: அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கதவுகள் அவள் பொறுப்பு. முன்கதவு, பின்கதவு, ஜன்னல் கொக்கி, எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் படுப்பாள்.

"மேனேஜரம்மா ரவுண்ட்ஸ் முடிஞ்சுதா? நாங்க தூங்கலாமா?" என்பார் அந்த வீட்டு மாமா.

அதிலிருந்து அவள் பெயரே மேனேஜர். பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன பிள்ளை. வளர்ப்புக்காக இவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். இதற்கு முன்னால் இரண்டு வீடுகள் பார்த்துவிட்டாள். அவள் 'அத்தை' என்று கூப்பிடுகிற பெண்தான் கடையில் நின்றவர். என் கதாநாயகி.

3

அடுத்து, பிள்ளையின் மனசைப் பார்க்க ஓர் ஆலோசகரை வைத்தேன்; அவர்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வரைவில் வாயைத் திறந்தால் முத்தாக உதிர்த்தார். எரிச்சலில் அவருக்குச் சளி பிடிக்க வைத்தேன். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுகிறார், கொஞ்சம் மனிதராகத் தெரிகிறார்.

[அவர் அறையில் பிள்ளைகளின் நாற்காலி எப்போதும் கதவை ஒட்டித்தான். எழுந்து போக வழி இருந்தால்தான் அவர்களால் உட்காரவே முடியும். கதைக்குத் தேவையா? இல்லை. எடுக்க மனசு வரவில்லை.]

வாரம் ஒரு முறை மேனேஜரோடு விளையாடி முடித்து, அத்தையோடு தனியாகப் பேசுவார்.

"தட்டை உடைச்சா, 'ஏன் உடைச்சே'ன்னு நிக்க வைக்காதீங்க. பயந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியே அடி மாதிரி. பக்கத்துல சும்மா உட்காருங்க, போதும்."

"எனக்குச் சும்மா உட்காரவே வராதுங்களே!"

"பழகிக்கலாம். இன்னொண்ணு. 'உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க. முன்னாடி ரெண்டு வீட்லயும் சொல்லிட்டாங்க."

அதே வாக்குதான் அத்தைக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். மேனேஜரின் சொந்தச் சித்தி, பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லி மனுப் போட்டிருந்தார். முடிவு அதிகாரிகள் கையில்.

4

இப்போது பெட்டிக்கு வருகிறேன். மேனேஜர் வந்தபோது அவள் துணிமணியெல்லாம் குப்பை போடுகிற கறுப்புப் பையில் இருந்தது. அது அத்தையின் கண்ணில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. என் பிள்ளைக்கு நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று அந்த மஞ்சள் பெட்டியை வாங்கி, வந்ததும் பார்த்துத் துள்ளட்டும் என்று அவள் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

எவ்வளவோ ஆலோசனை கேட்டவர்தான். ஆனால் கட்டில்மேல் இருக்கும் காலிப் பெட்டி அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் பள்ளியிலிருந்து வந்தாள். பார்த்தாள். (அவளை அழவைத்த ஒரு பத்தி இங்கே இருந்தது. தூக்கிவிட்டேன். அழவில்லை.) துணிகளை மடித்து உள்ளே வைத்தாள். டூத் பிரஷ்ஷை எடுத்துவந்தாள். கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மேனேஜரே, எங்க கிளம்—" சமையலறையிலிருந்து வந்த அத்தை பெட்டியையும் ஷூவையும் பார்த்தார்.

"வண்டி எப்ப வரும் அத்தை?"

5

முடிவு ஒன்று: "உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்டா கண்ணு!" கட்டிக்கொள்கிறார்கள். எழுதி முடித்து எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதிகாரிகள் சித்தி பக்கம் சாய்ந்தால்? மூன்றாவது வீட்டிலும் அதே பொய். வெட்டினேன்.

முடிவு இரண்டு: அத்தை ஆலோசகருக்கு போன் போட, அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே— சேச்சே. பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது போன் என்ன வேண்டிக்கிடக்கிறது!

முடிவு மூன்று, இதுவரை வந்திருக்கிறது: அத்தை தரையில் அவள் பக்கத்தில் உட்காருகிறார்.

"வண்டி எதுவும் வரல. உன்னை அனுப்ப வாங்கினதில்ல இது. உன் துணி அந்தக் கறுப்புப் பையில கிடந்தது எனக்குப் பிடிக்கல, அதான். யோசிக்காம வச்சுட்டேன். தப்பு என்னுது."

"இந்தப் பெட்டி வேணாம்."

"வேணாம். திருப்பிக் குடுத்துடலாம்."

மேனேஜர் ஷூவைக் கழற்றவில்லை. கதவைச் சரிபார்க்கிற மாதிரி அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வரல. அப்புறம் வருமா?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'வராது' என்றால் பொய். 'வரலாம்' என்று எந்த வாயால் சொல்வது? 'தெரியல' என்பது உண்மைதான், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படித் தூங்கும்? எழுதி எழுதி அழித்துவிட்டேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்தத் தரையில் அத்தைக்குப் பதில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், சீக்கிரம் சொல்லுங்களேன், அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?