வாலில் ரவை வாங்கிய மர வாத்து

லூசியானா சதுப்பில் வாத்து வேட்டை தொடங்க இன்னும் ஒரு வாரம். அல்சீட் கிழவன் போன வருஷம் நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க மிதக்கவிட்ட மர வாத்துகளைக் கோணியிலிருந்து கொட்டி, வெடித்த இடத்தில் பட்டி பார்த்து, பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தான். ஒன்று குறைந்தது. குறைந்தது அப்பன் செதுக்கிய பெட்டை. அது மிதந்தால்தான் மேலே போகிற கூட்டம் வளைந்து இறங்கும். அது இல்லாவிட்டால் அவனுக்கு ஒரு கொக்குகூட இறங்காது.

யார் எடுத்தது என்று அவன் யோசிக்கவே இல்லை. அல்சீட் யாரையும் நம்பமாட்டான். பக்கத்து நாணல் மறைப்பில் உட்கார்ந்து சுடுகிற தியோஜெனை அறவே நம்பமாட்டான்.

படகுத்துறைக்குப் போய் தியோஜெனின் தோணியை எட்டிப் பார்த்தான். பச்சைத்தலை ஆண் வாத்து ஒன்று, புதுப் பெயிண்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கழுத்து வளைவு அப்பன் கை.

"யோவ், இது என் பெட்டை."

"பெட்டையா? கண்ணு அவிஞ்சு போச்சா? தலை பச்சையா இருக்கு பாரு."

"மீசை வரைஞ்சா என் பொண்டாட்டி ஆம்பளை ஆயிடுவாளா? கவுத்துப் பாரு, அடியில என் பேரைச் சுட்டு வச்சிருக்கேன்."

தியோஜென் கவிழ்த்தான். பேர் இருந்த இடத்தில் புது ஈயத் தகடு.

காபியும் கையுமாக ஆட்கள் கூடிவிட்டார்கள். அல்சீட்டுக்கு ஆத்திரம். வாயை விட்டான்.

"வாலைச் சுரண்டு. உள்ள மூணு துப்பாக்கி ரவை இருக்கும்."

தியோஜென் கத்தியால் சுரண்டினான். மூன்றும் பளபளத்தன.

"சரி, உன்னோடதுதான். என் பக்கம் மிதந்து வந்துச்சு, வச்சுக்கிட்டேன். ஆனா பத்து வருஷமா அதைச் சுட்டது நான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறியே! நான் சுடல. யார் சுட்டான்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போ."

சொந்த மர வாத்தையே சுட்டவன் என்ற பேர் அந்தத் துறையில் சாகும்வரை போகாது. அல்சீட் ஆட்களைப் பார்த்தான். வாத்தைப் பார்த்தான்.

"நான்தான்யா சுட்டேன். ஒரே பனிமூட்டம். போதுமா?"

துறையே சிரித்தது. "குழம்பு ருசியா இருந்துச்சா, பெரிசு? பல்லுக்குள்ள சிராய் ஏறலையா?"

வீட்டில் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு பூச்சு, இறகு இறகாக. தான் பூசியவை அம்மை போட்டதுபோல் கிடந்தன. களவாணிப் பயலுக்கு இப்படி ஒரு கையா! பச்சைத் தலையைத் திரும்பப் பழுப்பாக்கியது மட்டும்தான் அல்சீட் செய்த வேலை.

வேட்டைக்காலத்தின் கடைசி நாள். காற்று தியோஜென் பக்கமாக அடித்தது. பெயிண்ட் உரிந்த ஆறு வாத்துகளின் கயிற்றை அல்சீட் அறுத்துவிட்டான். திரும்பக் கேட்கும்போது அடையாளம் காட்ட, ஆறின் வாலிலும் முந்தின நாளே நிதானமாகச் சுட்டு, ரவை ஏற்றி வைத்திருந்தான்.