கம்பியூட்டருக்கு மூன்று காவல்

முத்தலிப் காக்கா மூட்டை தூக்கித் தூக்கித் தோள் போனதும் காவலுக்கு மாறினவர். மாவடிப்பள்ளி வயலில் வெட்டுமெஷின் போன பிறகு, லொறி வரும்வரை நெல் மூட்டைகள் வயலிலேயே கிடக்கும். அதற்குக் காவல். அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தனைப் போட்டால் தூங்கிவிடுவான். ஒரே ஊரில் இரண்டு பேரைப் போட்டால் சேர்ந்து விற்றுவிடுவார்கள். அதனால் சாய்ந்தமருதில் ஒருத்தன், காரைதீவில் ஒருத்தன். முத்தலிப்புக்குச் சோடி அழகரெத்தினம். எத்தனையோ போகம் ஒன்றாய்க் காத்தும், ஒருத்தர் ஒன்றுக்கிருக்கப் போனால் மற்றவர் இன்னமும் டோர்ச் அடித்துப் பார்ப்பார்.

மகள் பஸ்லியா புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப்போனவள். கொழும்புக் கம்பனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யிற வேலைக்கு ஆள் தேடியது. கம்பியூட்டர் மக்கர் பண்ணினால் சனம் போன் எடுக்கும், சரியாக்கும் வழியைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலை வீட்டுக் கம்பியூட்டரில் முகம் பார்த்து நேர்முகப் பரீட்சை. கிடைத்தால் கால் பிழைக்கும். அதனால் அவள் கவனமாய் இருந்தாள். அப்டேட் கேட்டு மெஷின் நச்சரித்தபோதும், வியாழன் முடியட்டும் என்று தள்ளிவைத்தாள். இதைத் தொட வேண்டாம், வைரஸ் வராமல் காக்க உள்ளே ஒரு புரோகிராம் இருக்கிறது என்று வாப்பாவிடமும் சொல்லிவைத்தாள்.

“ஒண்டுதானா?” என்றார் முத்தலிப்.

“ஓம் வாப்பா. ஒண்டு போதும்.”

அந்த ஒண்டு அவருக்குச் செமிக்கவில்லை.

புதன் பின்னேரம் தாயும் மகளும் மருதமுனைக்குப் போன நேரம் பார்த்து, போன், கம்பியூட்டர் வேலை பார்க்கிற பர்ஸானுடைய கொமினிகேசன் கடைக்குப் போனார். பர்ஸான் இரண்டு காவல் புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, பிடித்த ஒன்றை மட்டும் போடுங்க காக்கா என்றான். முத்தலிப் கேட்டது ஒன்றே ஒன்று, இரண்டும் ஒரே கம்பனியா என்று. வேற வேற நாடு என்றதும் மனம் குளிர்ந்துபோனது. வீட்டுக்கு வந்து, பச்சையாய்த் தெரிந்ததையெல்லாம் அழுத்தி இரண்டையும் போட்டார்.

காலையில் மெஷின் சேற்றில் இறங்கிய டிரெக்டர் மாதிரி உறுமியது. சிவப்புச் சிவப்பாய்ப் பெட்டிகள் எழும்பின. முதலாம் காவல் இரண்டாமவனைக் கள்ளன் என்றது. இரண்டாமவன் மூன்றாமவனைக் கள்ளன் என்றான். முத்தலிப்புக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை, வயலிலும் அப்படித்தான். பஸ்லியாவுக்கு அழுகை வந்தது. ஒன்றைக் கழற்றப் பார்த்தாள். அது மெஷினை நிறுத்தித் திருப்பிப் போடச் சொன்னது. போட்டதும், தள்ளிவைத்த அப்டேட் தொடங்கிவிட்டது. அணைக்க வேண்டாம் என்று எழுதிக்கொண்டு திரை அசையாமல் நின்றது.

நேரம் வந்துவிட்டது. பஸ்லியா போனில் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கொழும்பிலிருந்து பரீட்சை எடுக்கிற கேதீஸ்வரி மேடம் எல்லாம் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள்.

“இப்ப வாப்பா எங்க?”

“சுவிட்சில கை வெச்சிட்டு நிக்கிறாங்க, மேடம்.”

“நீங்க எழும்பிப் பக்கத்து அறைக்குப் போங்க. மெஷினைப் பார்க்காம, அவரை வைச்சே சரியாக்குங்க. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

பஸ்லியா போனோடு குசினிக்குள் போனாள். முதலில் சுவிட்சிலிருந்து கையை எடுக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டார். பாதி வெட்டின வயலில் மெஷினை நிப்பாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். கையை எடுத்தார். அப்டேட் முடிகிற மட்டும் கதை கொடுத்து அவரை அடக்கிவைத்தாள். பிறகு திரையில் கண்டதை எழுத்தெழுத்தாய் வாசிக்க வைத்து, புதிதாய்ப் போட்ட காவல்களைக் கழற்றத் தொடங்கினாள். சுல்பிகா, அடுப்படியில் நின்ற தாய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“புள்ள, இவன் போக மனமில்லாம கேக்கிறான். ஏன் அனுப்புறீங்கெண்டு. பாவமாக் கிடக்கு,” என்று முத்தலிப் அறையிலிருந்து கத்தினார்.

“பாவம் பார்க்காதீங்க வாப்பா. நீலத்தை அழுத்துங்க.”

அழுத்தினார். மற்றவனையும் அனுப்பினார். மூச்சு வாங்கிவிட்டு, மிச்சமிருக்கிற ஒருத்தன் கள்ளனோடு சேர்ந்தால் அவனை ஆர் பார்க்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பஸ்லியா பல்லைக் கடித்தாள். சத்தம் போடவில்லை.

“நான் பார்க்கிறன் வாப்பா.”

அப்பால் மேடம் சிரித்தது கேட்டது. எங்களுக்குப் போன் எடுக்கிற ஆக்களில் பாதிப்பேர் இப்படித்தான், ஆனால் ஒருத்தரும் இவ்வளவு நேரம் எங்கட ஆக்களிட்ட ஏச்சு வாங்காமல் தப்பினதில்லை என்றாள். திங்கள் வேலை கிடைத்துவிட்டது. செவ்வாய் பஸ்லியா புடவைக்கடையிலிருந்து நின்றுவிட்டாள்.

சோதனையில் பாதி தான்தான் எழுதினது என்று முத்தலிப் தேத்தண்ணிக் கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்ப கம்பியூட்டர் எப்படி என்று ஒருத்தர் கேட்டார்.

“நல்லாத்தான் இரிக்கும். நான் தொடேலா. மகள் பாஸ்வேர்ட் போட்டிரிக்கா. பெத்த வாப்பா, எனக்கும் சொல்லல்ல.” பிளேன்டியை ஒரு மிடறு உறிஞ்சினார். “சொல்லியிருந்தாத்தான் எனக்குக் கோவம் வந்திரிக்கும்.”