இன்னொரு சரணம்

கல்யாணப் பெண்ணுக்கு வேலை நில அளவை. வீட்டிலும் ஆலயத்திலும் அவளுக்கு ‘டேப்பு’ என்றுதான் பெயர். பையில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. திருமண ஆராதனையை முழுக்கத் தானே திட்டமிடுவதாக அவள் அறிவித்தபோது யாரும் தடுக்கவில்லை. தடுத்து என்ன ஆகப்போகிறது? வேத வாசிப்பு மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, ஜெபம் தோழிக்கு, உறுதிமொழியை மணமக்களே எழுதுவது என்று ஒரே வாரத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் கணக்கு இடித்தது. அப்பா.

அப்பா அந்த ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். முப்பத்தோரு வருஷமாக ஊரார் பெண்களையெல்லாம் வாசித்தே பீடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்த ஆர்கனில் வேறொருவர் கை வைத்தால் அவருக்கு ஆகாது.

“பெரியப்பா உன்னைக் கூட்டிட்டு வரட்டும்மா. நான் வாசிக்கிறேன்” என்றார். சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனிதருக்கு வாசிக்கவும் வேண்டும், மகளைக் கைபிடித்துப் பீடத்துக்கு அழைத்துப்போகவும் வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

“அதெல்லாம் முடியாது. என்னை ஒப்படைக்க நீங்கதான் வேணும்.” அவள் நாடாவை இழுத்து அளந்தாள். ஆர்கனிலிருந்து பீடம் ஒன்பது அடி. “வாசல்லருந்து நான் தனியா நடந்து வரேன், நீங்க வாசிங்க. பக்கத்துல வந்து தோளைத் தொடுவேன், எழுந்திரிங்க. மிச்ச ஒன்பது அடி ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்.”

“அப்ப யாரு வாசிக்கிறது? நான் கையெடுத்தா பாடகர் குழுவுக்குச் சுருதி எறங்கிடும்.”

“ஒன்பது அடியில எவ்வளவுப்பா எறங்கிடப் போகுது?”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த போதகர் சிரித்துவிட்டார். அனுமதியும் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை ஒத்திகை. டேப்பு கம்பீரமாக நடந்து வந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த சரணத்துக்குப் போனார். மறுபடி தொட்டாள். இன்னொரு சரணம்! பாடகர் குழு விழுந்து விழுந்து சிரித்தது.

விஷயம் இதுதான். கல்யாணங்களில் பெண் வரத் தாமதமானால் ஆலயப் பணியாளர் ஓசைப்படாமல் வந்து அப்பாவின் தோளைத் தொடுவார். பெண் இன்னும் வரவில்லை, இன்னொரு சரணம் வாசியுங்கள் என்று அர்த்தம். முப்பத்தோரு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே கை வாசிக்கிறது.

“சனிக்கிழமை கண்டிப்பா எழுந்திரிச்சிடுவேம்மா” என்று அப்பா அசடு வழிந்தார்.

சனிக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. அவள் வந்து தோளைத் தொட்டாள். அப்பா அடுத்த சரணத்தைத் தொடங்கினார்.

அவள் பதறவில்லை. ஆடையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கைமேல் கையை வைத்தாள். வாசிப்பு நின்றது. அப்பாவின் கண்கள் நிறைந்திருந்தன.

“பொண்ணு இன்னும் வரலையோன்னு...”

“வந்துட்டேன்பா. எழுந்திரிங்க.”

எழுந்தார். இருவரும் கைகோத்து நடந்தார்கள். பின்னால் பாடகர் குழுவின் சுருதி நன்றாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் காதில் அது விழவே இல்லை.